வண்டு அணைச்ச சூடம்

வண்டு வேணும்னு வந்திருக்கீங்க, நல்லது, உக்காருங்க, இந்தக் கரையிலேயே உக்காருங்க, ஆனா காலை அப்பப்பத் தட்டி விட்டுக்கிட்டே இருங்க, நீங்க வெளியூர்க்காரவுக, அதுக வாசம் பிடிச்சு வந்துரும், பயப்பட வேண்டியதில்லை, ஒரு பொழுதுல ஒண்ணும் ஆகிறாது, வலிக்கவும் வலிக்காது. உங்க கண்மாயிலயும் ஆகாயத்தாமரை மண்டிப் போச்சு, மடை திறக்க முடியலை, வலை போட முடியலை, மாடு தரைன்னு நினைச்சுப் பச்சையில காலை வச்சு முங்கிப் போச்சு, மூங்கிலேந்தல் கண்மாய் மட்டும் தெளிஞ்சு கெடக்குதாம்ல, அது என்ன மாயம்னு பாத்துட்டு வருவோம்னு கிளம்பி வந்திருக்கீங்க. பாத்தாச்சுல்ல? தெளிஞ்சுதான் கெடக்கு, அது பொய்யில்லை. வாளியில வண்டை அள்ளுறதுக்கு முன்னாடி நான் சொல்றதை ஒரு காதுல வாங்கிக்கங்க, இன்னொரு காதுல விடுறதும் வச்சுக்கிறதும் உங்க பாடு.

நான் சங்கையா, இந்த ஊருக்கு நீர்ப்பாய்ச்சி, மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணி பிரிச்சு விடுறவன். எங்கம்மா நடவுக்கு வந்த எடத்துல இடுப்புவலி கண்டு, இந்தா இந்த மடைக்குப் பக்கத்துல என்னைப் பெத்துப் போட்டா, ரெண்டாம் பிள்ளை, அவசரப் பிள்ளை. பெருமைக்குச் சொல்லலை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வண்டு என்னைத் தொடுறதில்லை. என் வீட்டுக்காரி அழகுநாச்சி அப்படி இல்லை. அவளுக்குப் பொறந்த ஊருன்னு ஒண்ணு இருந்துச்சு, அணை கட்டினப்ப அது தண்ணிக்குள்ள போயிருச்சு, அவ அப்பன் ஆத்தாளைக் கொண்டுபோயி ஒரு பொட்டல்ல குடி வச்சாங்க, அந்தப் பொட்டல் ரெண்டு பேரையும் தின்னுருச்சு, ஒரு தகரப் பெட்டியோட என்கிட்ட வந்து சேர்ந்தவ அவ. ரொம்ப வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. வண்டு வந்த வருசந்தான் அவ வயித்துல ஒண்ணு தங்குச்சு. அதனால நான் எதைச் சொன்னாலும் அது அவளைப் பத்தித்தான்னு வச்சுக்கங்க.

அப்ப எங்க கண்மாய் இருந்த இருப்பை உங்களுக்குச் சொல்ல வேணாம். ஊரே இறங்கி வெட்டிக் கரையில எறிவோம், பொழுது விடிஞ்சா எங்களைப் பாத்து ஊதாப்பூ பூத்துக்கிட்டு நிக்கும். மெசின் வச்சு வாருனோம், மருந்தடிப்போம்னு ஒருத்தன் சொல்லி மீனைக் கொன்னோம், கெடா வெட்டினோம், எதுக்கும் அது அசரலை. கடைசியில ஆராய்ச்சி நிலையத்துலேருந்து ஜெசிந்தான்னு ஒரு மேடம் வந்துச்சு, கையில ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள்ள மிளகு அளவுக்குக் கூன்வண்டு. இந்தச் செடி எந்தத் தேசத்துலேருந்து வந்துச்சோ அந்தத் தேசத்துல இதைத் தின்னே வளர்ற வண்டு இதுதான், அங்க இது இருக்கிறதால செடி அடக்கமா இருக்கு, இங்க கேக்க நாதி இல்லாததால ஆடுதுன்னு சொல்லுச்சு.

அந்தம்மாவைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நல்லதையும் சொல்லுச்சு, கெட்டதையும் சொல்லுச்சு. வெட்டுற கூலி மிச்சம், மருந்து வேண்டாம், மடை திறக்கும்னு ஒரு பக்கம் சொன்னா, செடி அழுகையில தண்ணி நாறும், கொஞ்சம் மீன் சாகும், வேலை மெதுவாத்தான் நடக்கும்னு மறுபக்கமும் மறைக்காமச் சொல்லுச்சு. "நெல்லு, வாழை, கத்திரி, மல்லிகைன்னு எல்லாத்தையும் முன்னால வச்சு வண்டைப் பட்டினி போட்டுப் பாத்துட்டோம். தொடவே இல்லை. பட்டினியாவே கிடந்து செத்துச்சு, மத்ததைத் தின்னலை"ன்னுச்சு.

"விட்ட பொறகு வேண்டாம்னா திருப்பிக் கூப்பிட முடியுமா மேடம்?"னு நான் கேட்டேன்.

"முடியாதுண்ணே. விட்டது விட்டதுதான். அதனாலதான் இத்தனை வருசம் சோதிச்சுப் பாத்தோம். நீங்களும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எங்க அம்பலம் வீரணனுக்கு, அவருதான் ஊருக்குத் தலைவர், அந்தப் பட்டினிக் கதை தொண்டையில இறங்கலை. பசிச்ச வாய் பக்கத்து இலையைப் பாக்காம இருக்குமான்னு கேட்டாரு. ஊரும் ஆமா ஆமான்னுச்சு. எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. வெளியிலேருந்து யாரு வந்து இங்க வேலைக்கு நின்னாலும், தோப்புக் காவலுக்கு வந்தவனா இருக்கட்டும், அறுப்புக்கு வந்த கூட்டமா இருக்கட்டும், எல்லைக் கருப்பு முன்னாடி சூடம் ஏத்தி, இன்னது செய்வேன் இன்னது தொடமாட்டேன்னு சொல்லி, கையால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணணும், பண்ணிட்டுத்தான் ஊருக்குள்ள கால் வைக்கணும். "மனுசனுக்கே அப்படின்னா, இந்த மிளகு சைசுக் கழுதைக்கு மட்டும் என்ன சலுகை?"ன்னாரு அம்பலம். மேடம் சிரிச்சுச்சு. சாமி காரியந்தானே, பண்ணிக்கங்கன்னு பெட்டியைக் கொண்டாந்து கருப்பு காலடியில வச்சுச்சு.

என்ன சத்தியம் வாங்குறதுங்கிற எடத்துலதான் எங்க புத்தி புல்லு மேயப் போச்சு. "ஆகாயத்தாமரையைத் தின்னணும், மத்ததைத் தொடக்கூடாது" அப்படின்னு பூசாரி ஆரம்பிச்சாரு. உடனே ஒருத்தன், ஏன், சீமைக்கருவேலத்தை விட்டுட்டீங்களே, என் புஞ்சை பூரா முள்ளுங்கிறான். இன்னொருத்தன் பார்த்தீனியம்ங்கிறான். உண்ணிச்செடிங்கிறா ஒருத்தி. வந்தது வந்துச்சு, ஒரே வண்டை வச்சு எல்லா வேலையும் முடிச்சுக்குவோமேன்னு ஊருக்கு ஆசை. ஒவ்வொண்ணாச் சொன்னா விடிஞ்சிரும்னு அம்பலம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, கணீர்னு சொன்னாரு: "வெளியிலேருந்து வந்து இந்த மண்ணுல குந்திக்கிட்டது எதுவா இருந்தாலும் தின்னணும். இந்த மண்ணுல பொறந்ததை மட்டும் தொடக்கூடாது. சம்மதம்னா சூடத்தை அணை."

"ஐயா, அது ரொம்பப் பெரிய வார்த்தையா இருக்கே, செடி பேரை மட்டும் சொல்லுங்களேன்"னு மேடம் சொல்லிச்சு. பொம்பளைக குலவை போட்டதுல அது யாரு காதுலயும் விழலை. விழுந்த காதும் கேட்டுக்கலை.

பெட்டியைத் திறந்தாங்க. வண்டுக வரிசை கட்டி இறங்கி வந்துச்சு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சூடத்துக்குப் பக்கத்துல போயி, நின்னு, ரெக்கையை ஒரு தடவை அடிச்சுட்டு நகந்துச்சு, நெருப்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் குனிஞ்சு, கடைசி வண்டு அடிச்சதுல அணைஞ்சு போச்சு. சத்தியம் குடுத்திருச்சுன்னு பூசாரி துன்னூறை அள்ளி வண்டுக மேல போட்டாரு. நாங்களும் சரின்னு எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனோம், சோறு ஆறிப் போகுமுல்ல.

அடுத்த தையில கண்மாயில தண்ணி தெரிஞ்சுச்சு. எத்தனையோ வருசத்துக்குப் பொறகு வானம் அதுல விழுந்து கெடந்ததைப் பாத்து நான் கரையில நின்னு அழுதேன், வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன். மடையைத் தூக்கினா தண்ணி ஓடுது. நாச்சி இடுப்புல குடத்தோட வந்து, படியில உக்காந்து காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு, "ஏங்க, நம்ம பிள்ளைக்கு இதுலயே நீச்சல் கத்துக் குடுத்துறணும்"னா. அப்பத்தான் எனக்குச் சேதியே தெரியும். அந்த ஒரு நாள் சந்தோசத்தை நான் இன்னும் செலவழிச்சுக்கிட்டிருக்கேன்.

ஆகாயத்தாமரை முடிஞ்சதும் வண்டு கருவேலத்துக்குப் போச்சு, முள்ளுக்காடு பொடியா உதிர்ந்துச்சு, கரிமூட்டம் போட்டவன் மட்டும் தலையில கைய வச்சான், ஊரு அவனைப் பாத்து ஊர் நல்லதுக்குத்தாண்டான்னுச்சு. பார்த்தீனியம் போச்சு, உண்ணிச்செடி போச்சு, மேளம் கொட்டினோம். பொறகு ஒரு நாள் காலையில மிளகாய்த் தோட்டம் பூரா இலையில சின்னச் சின்னச் சதுரமா வெளுத்துக் கெடந்துச்சு. கடலைச் செடியிலயும் அதே சதுரம். தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, எல்லாத்துலயும் சன்னல் வச்ச மாதிரி வெளிச்சம் ஊடாத் தெரியுது. கண்மாயில ஜிலேபிக் கெண்டை மேல மிதக்குது, அது மேலயும் சதுரம், பக்கத்துல விராலும் அயிரையும் சும்மா நீந்துதுக.

அம்பலம் மேடத்துக்குப் போனைப் போட்டாரு. "என்ன மேடம், உங்க வண்டு வாக்குத் தவறிருச்சே?"

"இல்லைங்கய்யா. மிளகாய் கப்பல்ல வந்தது. தக்காளி, கடலை, ஜிலேபிக் கெண்டை எல்லாமே வெளித் தேசம்."

"மிளகாயா? எங்க பாட்டன் பூட்டன் தின்னதும்மா!"

"வண்டு பாட்டன் கணக்குப் பாக்கலை போலிருக்கு"ன்னு மெதுவாச் சொல்லுச்சாம் அந்தம்மா. அதுக்குப் பொறகு வாராவாரம் வந்துச்சு. மருந்து அடிச்சுப் பாத்துச்சு, கூண்டு வச்சுப் பாத்துச்சு, ஒரு வண்டு சாகலை.

ஆனா ஊருங்கிறது எதுக்கும் பழகிரும்யா. அதுதான் ஊரோட பலம், அதுதான் அதைப் பிடிச்ச கேடும். மிளகாய் இல்லையா, மிளகைத் தட்டிப் போடுன்னாங்க. புளியமரத்தை வண்டு மொட்டையாக்கிச்சு, அதுவும் எங்கேயோ கண்டம் தாண்டி வந்ததாம், யாருக்குத் தெரியும், சரி, மாங்காயைப் போட்டுக் கொழம்பு வைன்னாங்க. ஒரு மாசத்துல, பழைய காலத்துச் சாப்பாடு, உடம்புக்கு நல்லதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய பேச்சுப் பேசுற சில பயலுக, நம்ம ஊரு மட்டுந்தாண்டா சுத்தமான ஊருன்னு மீசையை முறுக்குனானுக. சாவடியில போர்டு வைக்கிற அளவுக்குப் போச்சு. யாரோ தின்னுக்கிட்டிருக்கான், யாரோ மெலியுறான், நாம ஏப்பம் விடுறோம்னு நான் நினைச்சேன், வாய்விட்டுச் சொல்லலை, ஏன்னா எனக்கும் மடை திறந்துச்சே.

மொதல்ல ஒக்காந்தது மேலத்தெரு சின்ன மருமகப் பொண்ணு மேல. கோலம் போட்டுக்கிட்டிருந்தவ முழங்கையில ரெண்டு வண்டு. தட்டி விட்டா, வந்துச்சு, தட்டி விட்டா, வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள கையில ஒரு சின்னச் சதுரம், ரத்தம் இல்லை, வலி இல்லை, கையைத் தூக்கிப் பிடிச்சா வெயில் ஊடால விழுந்துச்சு. அவ மாமியாக்காரி, "பாத்தியா, வண்டுக்கே தெரிஞ்சுபோச்சு இவ வந்தவன்னு"ன்னு தெருவுல நின்னு சிரிச்சா. மறுநாள் அந்த மாமியா கழுத்துல உக்காந்துச்சு. அவளும் ஒரு காலத்துல தாலி கட்டிக்கிட்டு வந்தவதானே? ஊர்ல இருக்கிற அத்தனை பொண்டாட்டியும் வந்தவதானே? உள்ளூர்லயே அத்தை மகனைக் கட்டின ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாப் பொம்பளை மேலயும் வண்டு ஏறுச்சு.

பொறந்த வீடு இருந்தவளுக பொட்டியைக் கட்டினாளுக. எல்லையைத் தாண்டினா வண்டு பின்னால வராது, விழுந்த சதுரம் ஆறாது, புதுசா விழுகாது, அவ்வளவுதான். தெருத்தெருவா ஆம்பளைக பானையில அரிசியைப் போட்டு எவ்வளவு தண்ணி விடணும்னு தெரியாம நின்னானுக. அப்பவும் ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? ரெண்டு மாசம் போகட்டும், வண்டு அடங்கிரும், அப்புறம் கூப்பிட்டுக்குவோம்னுச்சு.

அம்பலம் சாவடியில உக்காந்து இதைச் சொல்லிக்கிட்டிருக்கையிலதான் அவரு காதுமடல்ல வண்டு ஏறுச்சு. எல்லாரும் திகைச்சுப் போயிட்டோம். அம்பலத்துக்கே அம்பலம் அவரு, ஊரைத் தாண்டி ஒரு ராத்திரி தங்காத மனுசன். பூசாரிதான் யோசிச்சுச் சொன்னாரு: "தலைச்சன் பிள்ளைய்யா நீங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே? உங்க ஆத்தா உங்களைப் பெத்தது அவ ஊர்லதானே?"

அன்னைக்கு ஊர் பூரா விரல் விட்டு எண்ணுச்சு. தலைச்சன் பிள்ளை எவனும் இந்த மண்ணுல பொறக்கலை. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுப் பொறந்த வீட்டுக்கு அனுப்புறது நம்ம முறை, அங்க பெத்து, பிள்ளைக்குத் தலை நின்ன பொறகு தூக்கிட்டு வர்றதுதான் நம்ம வழக்கம். சரி, அடுத்த பிள்ளைக? வயசாளிக தப்பிச்சாங்க. இப்ப இருக்கிற இளவட்டம் எவன் வீட்டுல பொறந்தான்? எல்லாம் தாலுகா ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை பாக்கியில்லாம வண்டு ஏறுச்சு. மண்ணுல பொறந்ததைத் தொடாதேன்னு ஊர் கூடிச் சத்தியம் வாங்கினோமே, நாங்க யாரு எங்க பொறந்தோம்னு ஒருத்தனும் ஒரு நிமிசம் நினைக்கலையேய்யா! சுத்தமான ஊருன்னு மீசை முறுக்குனானே, அவனும் ஆஸ்பத்திரிப் பிள்ளைதான்.

ஊரு எல்லைக்கு அங்கிட்டு, தார்ரோட்டோரம், தார்ப்பாயைக் கட்டிக் குடியேறுச்சு. நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்க. அம்பலம் மட்டும் போகமாட்டேன்னுட்டாரு. "என் ஊருல நான் வந்தவனா? எவன் சொன்னான்?"னு சாவடியில நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. மகன் வந்து கால்ல விழுந்து கூப்பிட்டான், நகரலை. பங்குனியில அவரு ஊடால பின்னாடி இருக்கிற சுவத்துல எழுதினது தெரிஞ்சுச்சு. சித்திரையில குரல் மட்டும் இருந்துச்சு, யாரு போறதுன்னு கேக்கும். அப்புறம் நாற்காலியில துண்டு மட்டும் கெடந்துச்சு. அவரு மேல எனக்குக் கோவம் நெறைய உண்டு, ஆனா அந்தத் துண்டை நான்தான் மடிச்சுக் கொண்டுபோயி அவரு மகன் கையில குடுத்தேன்.

அவரு போன பொறகுதான் சத்தியத்தைத் திருப்பி வாங்குறதுன்னு முடிவாச்சு. எந்தச் சாமி முன்னால வாங்கினோமோ அந்தச் சாமி முன்னாலதான் திருப்பணும். பூசாரி, அவரும் என்னை மாதிரி இந்த மண்ணுல பொறந்தவரு, வீட்டுல பெத்த கடைக்குட்டி, சூடத்தட்டோட முன்னாடி போனாரு, எல்லைக்கு அங்கிட்டு ஊர்சனம் கும்பிட்டுக்கிட்டு நிக்குது, நாச்சி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நிக்கிறா. கருப்பு பீடத்துல அரிவா மட்டும் நட்டமா நின்னுச்சு. சாமி இல்லை. மண்ணால செஞ்ச அத்தனை பெரிய உருவம், குதிரையோட, மீசையோட, சதுரம் சதுரமாத் தேஞ்சு பொடி கூட மிச்சமில்லாமப் போயிருந்துச்சு.

கருப்பு எங்க ஊர்க் கருப்பு இல்லைய்யா. தாதுவருசப் பஞ்சத்துல எங்க முன்னோரு பிழைக்க வந்தப்ப, அவுக விட்டுட்டு வந்த ஊரு கோயில்லேருந்து ஒரு பிடிமண்ணை முந்தியில முடிஞ்சு கொண்டாந்து, அதை வச்சு எழுப்பின சாமி. வண்டு அதையும் பாத்துருச்சு. சாமி முன்னால சூடத்தை அணைச்ச வண்டு, சாமியையே வந்ததுன்னு தின்னு, குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கு. பூசாரி தட்டைக் கீழ வச்சுட்டு, "யாருகிட்டச் சொல்றது?"ன்னு என்னைக் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நானே மடை திறக்கிறவன்.

ஜெசிந்தா மேடம் ஒரு தடவை கண்ணு கலங்கி வந்து நின்னுச்சு, கையில வேற ஒரு பெட்டி. இந்த வண்டைத் தின்கிற குளவி ஒண்ணு இருக்கு, விட்டா வண்டு குறையலாம், குறையாமலும் போகலாம், குளவி வேற என்ன செய்யும்னு முழுசாச் சோதிக்கலைன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுச்சு. "நீங்க சொன்னா விடுறேண்ணே, வேண்டாம்னா திருப்பிக் கொண்டு போயிர்றேன்." ரோட்டோரத்துல ஊர் கூடி உக்காந்துச்சு. வேணும்னு சொல்ல ஒருத்தனுக்கு வாய் வரலை. வேண்டாம்னு சொல்லவும் வரலை. எந்த வார்த்தையைச் சொன்னா அது எங்க போயி முடியும்னு எல்லாருக்கும் பயம். பொழுது சாயிற வரைக்கும் பாத்துட்டு அந்தம்மா பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

இப்ப நாச்சிக்கு வர்றேன். அவ மேல வண்டு ஏறினப்பவே நான் சொன்னேன், வா, கூடாரத்துக்குப் போயிருவோம், நானும் வர்றேன்னு. ஒரு பொழுதா ரெண்டு பொழுதா, தெனமும் சொன்னேன், கெஞ்சினேன், ஒரு நாள் கைய ஓங்கிட்டேன், ஓங்கின கையைத் தொங்கவிட்டுக்கிட்டு நானே அழுதேன்.

"நீங்க வந்துட்டா மடையை யாரு திறப்பா? ரோட்டோரத்துல கெடக்குற அத்தனை பேருக்கும் இந்த வயல் நெல்லுதானே கஞ்சி?"

"நெல்லு நாசமாப் போகட்டும். நீ வேணும் எனக்கு."

"ஏங்க, ஒரு ஊரை விட்டுட்டுப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் நீங்க வா வாங்கிறீங்க, நான் மாட்டேங்கிறேன்." அவ வயித்து மேல என் கையை எடுத்து வச்சா. "ஆஸ்பத்திரியில பெத்தா இதுவும் வந்ததாயிரும். எனக்குப் போக அம்மா வீடு இல்லை, அதை எத்தனை பேரு குத்திக் காட்டியிருக்காங்க. இப்ப அதுதான் நல்லதாப் போச்சு. இந்த ஊருல பொறக்குற தலைச்சன் பிள்ளை என் பிள்ளை ஒண்ணுதான். ஒரு பிள்ளையாவது எவனும் எந்திரின்னு சொல்ல முடியாத எடத்துல உக்காரட்டும்."

வயித்து மேல மட்டும் வண்டு உக்காரலை, அதை நானும் பாத்தேன். அதைச் சுத்தி வந்து, ஒரு கோடு போட்ட மாதிரி நின்னு, திரும்பிப் போயிரும். தோள்ல சதுரம், கால்ல சதுரம், கழுத்துல சதுரம், வயிறு மட்டும் கல்லு மாதிரி முழுசா இருந்துச்சு. ஆஸ்பத்திரி இல்லாமப் பெத்தா அவ செத்தும் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போனா பிள்ளைக்கு ஊரில்லை. எதை எதோட வச்சு எடை போடுறது? எனக்குத் தராசு பிடிக்கத் தெரியலை. அவ பிடிச்சுப் பாத்து முடிவு பண்ணிட்டா.

உச்சிப்பொழுதுல வலி கண்டுச்சு. எல்லைக்கு அங்கிட்டிருந்து நர்சம்மா, பேரு மரகதம், உடம்பு பூராப் போர்வையைச் சுத்திக்கிட்டு ஓடி வந்துச்சு, அது வேலையில இருக்கையிலேயே விரல் நுனியில ரெண்டு சதுரம் விழுந்துச்சு, அந்தக் கடனை நான் எந்தப் பிறவியில அடைப்பேன்னு தெரியலை. பொம்பளைப் பிள்ளை. வண்டுக கூட்டமா வந்து பிள்ளையைச் சுத்தி நின்னுச்சு, பிள்ளை கத்துச்சு, வண்டுக ஒதுங்கி வழி விட்டுச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு. ரோட்டோரத்துலேருந்து குலவைச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

பொறகு நாங்க கண்டுபிடிச்சோம், பிள்ளை தொட்டுக்கிட்டிருக்கிற வரைக்கும் நாச்சியை வண்டு தொடலைன்னு. மார்ல கெடந்தாலும் சரி, மடியில கெடந்தாலும் சரி, பிள்ளையோட விரல் அவ விரலைப் பிடிச்சிருந்தாலும் போதும், அதுக ஒரு முழம் தள்ளி நிக்கும். கீழ விட்டா அந்த நிமிசமே வரும். அதனால கீழ விடுறதில்லை. தூளி கட்டலை. தூங்கையில பிள்ளை காலை அவ இடுப்போட ஒரு துணியால கட்டி விட்டேன். சோறு நான் ஊட்டுனேன், தலை நான் வாரிவிட்டேன். இப்படியே இருந்துறலாம்னு நினைச்சேன்யா. மனுசன் எதுக்கும் பழகிருவான்னு சொன்னேன்ல, நானும் பழகிட்டேன், சந்தோசமாக்கூட இருந்தேன், சாமி இல்லாத பீடத்துல போயி, எம்பிள்ளை வளரவே வேண்டாம்னு கும்பிட்டேன். எந்தத் தகப்பனாவது அப்படிக் கும்பிடுவானா?

பிள்ளை வளந்துச்சு. தவழ ஆரம்பிச்சப்ப நாச்சியும் கூடவே தவழ்ந்தா, அது காலைப் பிடிச்சுக்கிட்டே வீடு பூராத் தவழ்ந்தா, ரெண்டு பேரும் சிரிப்பாங்க. எனக்குச் சிரிக்க வரலை. பிடிச்ச பிடியில பிள்ளைக்குக் கால் வீங்கிருச்சு, அழுதுச்சு. அன்னைக்கே அவ பிடியைத் தளத்திட்டா. பொறகு அப்பப்ப விட ஆரம்பிச்சா, கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம், ஒவ்வொரு விடுதலுக்கும் அவ மேல வெளிச்சம் கூடிக்கிட்டே வந்துச்சு. இப்ப அவ வாசல்ல உக்காந்தா பின்னாடி இருக்கிற அடுப்பு தெரியுது.

நேத்துக் காலையில பிள்ளை நிலைக்கதவைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னுச்சு. தானா நின்னு, தள்ளாடி, கதவை விட்டுச்சு. நான் பாஞ்சு போயித் தூக்கி அவ மடியில உக்கார வச்சேன். அது திமிறி இறங்குச்சு. மறுபடி தூக்கி வச்சேன். வீறிட்டுக்கிட்டு மறுபடி இறங்கி, வெளியில கண்மாய்த் தண்ணி மினுங்குற பக்கம் பாத்துக் காலைத் தூக்குச்சு. நான் அதோட சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன், விடலை.

நாச்சி கையை நீட்டி என் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சா. அவ கை பட்டது எனக்குத் தெரியவே இல்லை, விரல் பிரியிறது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.

"விடுங்க," அப்படின்னா. "நடக்கட்டும்."

விட்டேன்.